வரலாறு வாத்தியார் ஆக விரும்புகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் வரலாறு நடத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் முதலில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பொருளடக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வரலாறு 10 பாடம், புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5. ஆக 27. பணி ஆணையில் 'பட்டதாரி ஆசிரியர் (வரலாறு)' என்றுதான் அச்சாகி வரும். வகுப்பில் போய் நின்றால் முதல் உலகப் போரை முடித்த கையோடு பருவக்காற்று, உணவுப் பாதுகாப்பு, ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் நடத்தியாக வேண்டும்.

முழுநேரமும் வரலாறு மட்டுமே நடத்த வேண்டும் என்றால் அதற்கு வேறு வாசல் இருக்கிறது. 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர், அதாவது பள்ளி வழக்கில் பி.டி. அசிஸ்டென்ட். 11, 12-ஆம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர், பி.ஜி. அசிஸ்டென்ட். முன்னவருக்கு பி.ஏ. வரலாறும் பி.எட்.டும், அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். பின்னவருக்கு எம்.ஏ. வரலாறும் பி.எட்.டும் வேண்டும், தகுதித் தேர்வு கிடையாது. எந்த வாசல் என்பதைக் கல்லூரியில் சேரும்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்று மாற்றிப் படித்துவிட்டு, முதுகலை ஆசிரியர் நியமனத்தின்போது சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வரலாறு என்றால் இரண்டிலும் வரலாறாகவே இருக்கட்டும்.

பி.ஏ. வரலாறு பற்றி ஒளிக்காமல் பேசிவிடலாம். அந்தப் பாடத்தின் மேல் பிடிப்பு வைத்து வருகிறவர்களைவிட, வேறு இடம் கிடைக்காமல் வருகிறவர்களும், டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவும் என்று வருகிறவர்களுமே பல கல்லூரிகளில் அதிகம். இரண்டாவது வகையினர் அரச வம்சங்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதில் தேர்ந்துவிடுவார்கள். எல்லாரும் தூங்கி வழிகிற ஒரு தாள் அந்தப் பட்டப்படிப்பில் இருக்கிறது: வரலாற்று வரைவியல். சான்று என்றால் என்ன, முதல்நிலைச் சான்றுக்கும் இரண்டாம்நிலைச் சான்றுக்கும் என்ன வேறுபாடு, ஒரே நிகழ்வை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் யாரை நம்புவது என்று சொல்லித்தரும் தாள் அதுதான். பிற்பாடு ஆசிரியராக நிற்கும்போது கைகொடுக்கப்போவதும் பெரும்பாலும் அதுவே.

ஏன் என்று கேட்டால், ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் நடத்தும்போது ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை ராஜராஜன்தான் கட்டுனாருன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்கும். "புத்தகத்துல போட்டிருக்கு, உட்காரு" என்பது ஒரு பதில். கோயில் சுவரிலேயே ராஜராஜன் தான் எடுப்பித்ததாகக் கல்வெட்டு வெட்டிவைத்திருக்கிறார் என்பது இன்னொரு பதில். அதோடு நிறுத்தாமல், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் அவற்றைப் படித்து வெளியிடும்வரை, கரிகாலன் கட்டினான், காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்றெல்லாம் ஊரில் கதைகள் உலவின, எழுத்து கண்ணெதிரே சுவரில் இருந்தும் படிக்க ஆளில்லாமல் கட்டியவர் பெயரே மறந்து கிடந்தது என்று சொல்ல முடிந்தால், அந்த வகுப்பில் வரலாறு நடக்கிறது என்று அர்த்தம். இந்த மூன்றாவது பதிலைச் சொல்லத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் ஆசிரியர் பயிற்சியின் வேலை. நம் பயிற்சி முறை அதை எந்த அளவுக்குச் செய்கிறது என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

பி.எட். சேர்வதற்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த பொது விதி பட்டப்படிப்பில் 50 விழுக்காடு. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40 என்று தளர்வு இருந்துவருகிறது. முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்ததைக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் இரண்டாண்டாக மாற்றின; 2015-16 கல்வியாண்டு முதல் அதுவே நடைமுறை. ஓராண்டில் முடித்துவிட்டு வந்த மூத்த ஆசிரியர்கள், இரண்டு வருஷம் அப்படி என்னத்தைத்தான் சொல்லித்தருகிறார்கள் என்று இன்றைக்கும் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

சென்னை சைதாப்பேட்டையில் இருக்கும் ஆசிரியர் கல்லூரி 1856-இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஒன்று. பெண்களுக்கு லேடி வெலிங்டன் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டை, குமாரபாளையம், ஒரத்தநாடு, வேலூர் என்று அரசுக் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார், மதுரை தியாகராசர் போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகள் சில. இவற்றில் சேர நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு. மீதி இடங்கள் பல நூறு தனியார் கல்லூரிகளில் இருக்கின்றன. 2008-இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இவை வருகின்றன.

தனியார் கல்லூரியில் சேரும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் வருகைப் பதிவைக் கேளுங்கள். "தினமும் வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும், ரெக்கார்டையெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லும் இடம் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை. பயிற்சியைக் கொடுக்காமல் சான்றிதழை விற்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு அது வசதியாகத் தெரியும் என்பது புரிகிறது. ஆனால் முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவில் 50 பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது அந்தச் சான்றிதழ் பெட்டியில் இருக்கும். நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே ஆசிரியர் ஆவது என்று உறுதியாக இருப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் 1960-களிலிருந்தே பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கு ஆண்டுகளில் தருகிறது. தென் மாநிலத்தவர் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் விதிகள் எப்படி மாறினாலும், ஏற்கெனவே முறைப்படி முடித்த பி.எட். செல்லாமல் போகும் என்று பயப்படத் தேவையில்லை.

பி.எட். வகுப்பறைக்குள் நுழைவோம். கல்வி உளவியல், சமகால இந்தியாவும் கல்வியும், பாலினமும் பள்ளியும், கற்றலை மதிப்பிடுதல் போன்ற பொதுத் தாள்கள் எல்லாப் பாடத்தவருக்கும் ஒன்றுதான். உங்களுக்கென்று தனியாக இருப்பது 'வரலாறு கற்பித்தல்' மட்டும். இரண்டு ஆண்டுப் படிப்பில் உங்கள் சொந்தப் பாடத்துக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். அதிலும் பெரும்பகுதி விரிவுரை முறை, விவாத முறை, செயல்திட்ட முறை என்று முறைகளின் பட்டியலாகவும், ஒவ்வொன்றின் நிறை குறைகளாகவும் போய்விடும். விவாத முறையின் நிறைகளை ஒரு விவாதமும் இல்லாமல் விரிவுரையாக எழுதிப்போடும் வேடிக்கை பல கல்லூரிகளில் இன்றும் நடக்கிறது.

உண்மையிலேயே பயன்படுவது நுண்ணிலைக் கற்பித்தல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களில் உருவான உத்தி இது. முழுப் பாடத்தையும் நடத்தச் சொல்வதில்லை. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, சக மாணவர்கள் சிலரை வகுப்பாக உட்கார வைத்து, 6 நிமிடம் நடத்த வேண்டும். பிறகு 6 நிமிடம் அவர்கள் குறை சொல்வார்கள். 12 நிமிடத்தில் திருத்தி எழுதி, மறுபடி 6 நிமிடம் நடத்தி, மறுபடி 6 நிமிடம் கருத்துக் கேட்டால் ஒரு சுற்று முடியும். மொத்தம் 36 நிமிடம். பாடம் தொடங்கும் திறன், விளக்கும் திறன், கிளறிக் கேட்கும் வினாத் திறன், வலுவூட்டும் திறன், கரும்பலகைத் திறன் என்று ஒவ்வொன்றாகப் போகும்.

இதில் வரலாற்றுக்காரர் எல்லாவற்றையும்விட அதிகம் உழைக்க வேண்டியது வினாத் திறனில். "வேலூர்ப் புரட்சி எப்போது நடந்தது?" என்று கேட்டால், "1806 ஜூலை 10" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். கிளறிக் கேட்கத் தெரிந்தவர் வேறு இடத்தில் தொடங்குவார். புதிய தலைப்பாகையும் அதில் தோல் குஞ்சமும், நெற்றிக் குறிகளுக்கும் தாடிக்கும் காதணிக்கும் விதித்த தடையும்தான் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மகன்கள் தூண்டிவிட்டார்கள் என்று இன்னொரு விளக்கம். உடை விதிதான் காரணம் என்றால் பழி யார் தலையில் விழும்? அந்த விதியைக் கொண்டுவந்த ராணுவத் தலைமை மேல். சதிதான் காரணம் என்றால் யாருக்கு வசதி? இந்த நிகழ்வுக்குப் பிறகு ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட்டு, "அப்போ, ஒரு அதிகாரி எழுதுன அறிக்கையைப் படிக்கும்போது முதல்ல எதைப் பாக்கணும்?" என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் சொல்லும்: "எழுதுனது யாருன்னு பாக்கணும், சார்."

சாம் வைன்பர்க் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் இதையே ஆராய்ந்து 1991-இல் எழுதினார். 1775-ஆம் ஆண்டின் லெக்சிங்டன் சண்டை பற்றிய ஆவணங்களை வரலாற்று அறிஞர்களிடமும் நன்றாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொன்னார். அறிஞர்கள் முதலில் எழுதியவர் பெயரையும் தேதியையும் தேடிப் போனார்கள். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். அந்தக் காலகட்டத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாத அறிஞர்கள்கூட எப்படிப் படிப்பது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். வரலாற்று ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற பயத்தோடு பயிற்சிக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம்.

அடுத்து பாடக்குறிப்பு. ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் (1776–1841) பெயரால் வழங்கும் படிகளை ஒட்டி அறிமுகம், வழங்கல், ஒப்பிடல், தொகுத்தல், மதிப்பீடு என்று கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள். ஒரு பக்கம் ஆசிரியர் செயல்பாடு, மறுபக்கம் மாணவர் செயல்பாடு. கடைசியில் வீட்டுப்பாடம். இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோகும். ரெக்கார்டு நோட்டை எழுதித்தரவும், ஆயத்தமாக விற்கவும் கடைகள் முளைத்திருப்பது ஏன் என்று அப்போது புரியும். இரண்டாம் ஆண்டு முடிவில் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் குழுவைக் 'கமிஷன்' என்பார்கள். கமிஷன் வரும் நாளில் சார்ட், மாதிரி உரு, ஆல்பம் எல்லாம் மேசையில் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். தெர்மகோலில் செய்த தஞ்சைக் கோபுரங்களை எடைக்குப் போட்டால் ஒரு கல்லூரியின் மின் கட்டணத்தையே கட்டிவிடலாம்.

பாடக்குறிப்பு வீண் வேலை என்று நான் சொல்லவரவில்லை. எதை விடுவது என்று முடிவு செய்ய அது கட்டாயப்படுத்துகிறது. 40 நிமிடப் பாடவேளையில் வருகைப் பதிவும் நோட்டுத் திருத்தமும் போக 30 நிமிடம் மிஞ்சினால் அதிகம். உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வைகுந்தப் பெருமாள் கோயிலில் வெட்டப்பட்டவை. வழக்கமான பாடம் இப்படிப் போகும்: ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது, வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி இருந்தது, கைதட்டுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கல்வெட்டு சொல்லும் தகுதிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் வேறு பாடம் கிடைக்கும். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதப் பயிற்சி வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. அப்புறம் பிள்ளைகளை அவரவர் வீட்டிலிருந்து ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "உங்க வீட்டுல யாரு பேரு குடத்துல விழும்?" அநேகமாக ஒருவர் பெயரும் விழாது. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். அதே சமயம், கணக்குக் காட்டாதவரை உறவோடு சேர்த்து விலக்கும் விதியைப் பார்த்து எவனாவது ஒருவன் சிரித்துக்கொண்டே இன்றைய அரசியலோடு ஒப்பிடுவான். அவனை அடக்க வேண்டாம். பெருமையும் விமரிசனமும் ஒரே கல்லில் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் ஆசிரியர் பாதிக் கல்வெட்டைத்தான் படித்திருக்கிறார்.

இந்த மாதிரிப் பாடம் தயாரிக்க மூலத்தைத் தேடிப் படித்திருக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து விடவேண்டியதை வெட்டித் தள்ளியிருக்க வேண்டும், கேள்வியை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பாடக்குறிப்பின் நோக்கமே அதுதான். கட்டம் நிரப்புவதல்ல.

பள்ளிப் பயிற்சிக்கு விதிப்படி மொத்தம் 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. முதன்மைக் கல்வி அலுவலகத்தின் அனுமதியோடு பள்ளி ஒதுக்கப்படும். அங்கே ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பார். நல்லவர் வாய்த்தால் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பைவிட அவரிடம் கற்பது அதிகமாக இருக்கும். வாய்க்காவிட்டால், "வந்துட்டீங்களா, இந்த மூணு வகுப்பையும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றப் போய்விடுவார். ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் பயிற்சி ஆசிரியரை அனுப்புவது பல பள்ளிகளில் எழுதப்படாத வழக்கம். எரிச்சலாக இருந்தாலும், அந்த வகுப்புகளில்தான் குரலை உயர்த்தாமல் அமைதிப்படுத்துவது எப்படி என்று பழகுவீர்கள்.

அந்த 16 வாரங்களில் பாடம் நடத்துவதைத் தாண்டி இரண்டு காரியங்கள் செய்யலாம். பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலக்கோடு வினாவில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், வரைபடத்தில் எதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தால், உங்கள் பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்பது தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பில் தமிழ் வாசிக்கவே திணறும் பிள்ளைகள் எல்லா அரசுப் பள்ளியிலும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு 'ஏகாதிபத்தியம்' என்ற சொல் வெறும் எழுத்துக்கூட்டு. அவர்களை வைத்துக்கொண்டு வரலாறு நடத்துவது எப்படி என்று பி.எட். தாள் எதுவும் முழுதாகச் சொல்லித்தராது. படம், வரைபடம், வாய்மொழிக் கதை, நாடகம் என்று உங்கள் வழியை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

மற்றொன்று, பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள். நடுகல், பழைய கோயில், ஏரி மதகு, ஆங்கிலேயர் காலக் கட்டடம் என்று ஏதாவது ஒன்று இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வழியாகப் பிள்ளைகள் பழந்தமிழ் எழுத்துகளைப் படிக்கப் பழகி, சுற்றுவட்டாரத் தொல்லியல் தடயங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தார். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் தென் மாவட்டப் பள்ளிகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சுற்றுலாவாகப் போய்ப் படம் எடுத்துத் திரும்பாமல், "ஒரு பானை ஓட்டுல கீறியிருக்குற எழுத்தை வச்சு என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது?" என்று ஒரே ஒரு கேள்வியோடு அழைத்துப் போனால் போதும்.

பி.எட். முடிந்ததும் தேர்வுக் காலம் தொடங்கும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததையொட்டி 1 முதல் 8 வரை நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் முதல் தேர்வை 2012 ஜூலை 12-இல் நடத்தியது. ஒன்றரை மணி நேரத்தில் 150 வினா. எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். உங்களுக்குரியது இரண்டாம் தாள்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90 மதிப்பெண். மற்றப் பிரிவுகளுக்கான தளர்வு அரசாணைகளால் மாறக்கூடியது என்பதால் அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பு ஏழு ஆண்டு என்று இருந்ததை 2021-இல் மாற்றினார்கள்.

பணியில் இருப்பவர்களுக்கும் இந்தத் தேர்வு விலக்கில்லை என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் பணிக்காலம் மீதியுள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்றது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கள் மறுபடி கைடு வாங்கிப் படிக்கும் காட்சி அதன் பிறகு ஆசிரியர் அறைகளில் சாதாரணமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, பணிக்கு முன்பே முடித்துவிடுவது எவ்வளவு நிம்மதி என்று புரிந்துகொள்ளலாம்.

தகுதித் தேர்வில் தேறியவுடன் வேலை கிடைத்துவிடும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். அது தகுதி மட்டுமே. அதன் பிறகு நியமனத்துக்கென்று தனிப் போட்டித் தேர்வு இருக்கிறது. 2018-இல் அரசாணை வந்து, 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு தேர்வு நடந்தது. 50 மதிப்பெண்ணுக்குக் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள். அதில் 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தாள் 150 வினாவும் உங்கள் பாடத்திலிருந்து. முதுகலை ஆசிரியர் தேர்வில் 150-இல் 110 வரலாறு, 30 கல்வியியல், 10 பொது அறிவு. சம்பள நிரக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாயிலும், முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயிலும் தொடங்குகிறது. அறிவிக்கை எப்போது வரும் என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் வராமல் இருந்ததும் உண்டு.

எனக்குள்ள குறை இந்த இடத்தில்தான். இந்தத் தேர்வுகள் அனைத்தும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். கல்வெட்டு வெட்டிய ஆண்டைக் கேட்கும். அந்தக் கல்வெட்டைப் பிள்ளைகள் முன் எப்படி வைப்பது என்று கேட்காது. ஆகவே பயிற்சி மையங்களும் அதற்கேற்பவே பயிற்றுவிக்கின்றன. தேர்வுக்காக மூன்று, நான்கு ஆண்டு இப்படிப் படித்தவர் வகுப்புக்கு வரும்போது, பாடத்தையும் ஒரு மதிப்பெண் வினாக்களின் தொகுப்பாகவே பார்க்கப் பழகியிருப்பார். தேர்வில் வெல்லாமல் வகுப்புக்கு வர முடியாது என்பதால் மனப்பாடத்தைப் பழிப்பதில் பயனில்லை. 6 முதல் 12 வரை உள்ள பாடப்புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்கும்போதே ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சான்றையும் ஒரு கேள்வியையும் தனி நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். தேர்வுக்கு அது உதவாது. வேலை கிடைத்த முதல் ஆண்டில், நாளைக்கு என்ன நடத்துவது என்று ராத்திரி பதினோரு மணிக்கு விழிக்கும்போது அந்த நோட்டு எங்கே என்று தேடுவீர்கள்.

காத்திருக்கும் ஆண்டுகளில் தனியார் பள்ளியில் வேலை செய்வோர்தான் அதிகம். மெட்ரிக் பள்ளிகள் பலவற்றில் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, ஆனால் வகுப்பறை அனுபவம் கிடைக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போனால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களோடு பழக வேண்டும். அவற்றில் மூலச் சான்றுகளின் பகுதிகளைப் பெட்டியில் போட்டுக் கேள்வி கேட்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடத்துகிறவர்களும் அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2010-இல் சட்டமானது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது; பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். வரலாறு, பி.எட். இரண்டையும் தமிழ்வழியில் படிப்பவர்கள் மிகுதி என்பதால் இந்த ஒதுக்கீட்டில் பயன்பெற வாய்ப்புள்ளவர்களும் மிகுதி. ஆனால் பள்ளி, கலைக் கல்லூரி, கல்வியியல் கல்லூரி என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத் தமிழ்வழிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வரும் நாளிலேயே, மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சரிபார்ப்புக்கு முந்தைய வாரம் போய் நின்றால், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருப்பார்.